படுவான்கரைக்குப் போன சமாதானம்

எங்கள் சபைக்கு ஊரார் வைத்திருந்த பெயர் அச்சாறுக் கூட்டம். சைவர், கிறிஸ்தவர், சோனகரான முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே சாடிக்குள் கிடந்ததால் வந்த பெயர் அது. நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் இதைவிட நீளம். சமரசம், சமாதானம், நீதி என்ற மூன்று சொல்லும் அதில் வரும். பலகை எழுதக் கொடுத்தபோது இடம் போதாமல், நீதியை மட்டும் அடியில் சின்ன எழுத்தில் போடவேண்டியதாயிற்று.

ஞாயிறு பின்னேரங்களில் கூடுவோம். இடம், நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய கொப்பறாக் கிட்டங்கி. எங்கள் தலைவர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். அந்தக் காலத்தில் அப்படியானவர்களைப் பிறக்கிராசியார் என்போம். கிட்டங்கி அவருக்குச் சீதனமாக வந்தது. சீதனத்தைக் கொண்டுவந்த அவருடைய மனைவி ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் கொப்பறா நாற்றம் போகாது. உலக சகோதரத்துவம் என்று யாராவது பேசினால், இன்றைக்கும் என் மூக்குக்கு முதலில் வருவது அந்த நாற்றம்தான்.

நான் வேதக்காரக் குடும்பத்துப் பெண்; கிறிஸ்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தேன். ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்பதால் சபைக்கு அழைத்தார்கள். கேலியாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம், நான் அந்தச் சபையை நம்பித்தான் போனேன். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் கும்பத்தை எட்டிப் பார்த்ததற்காகச் சின்ன வயதில் அடி வாங்கினவள் நான். எல்லாரும் ஒன்றாக இருந்து கும்பிடலாம் என்று பெரியவர்களே சொல்லக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

வழிபாட்டில் ஒரு விதி இருந்தது. அவரவர் தம்முடைய முறையை விட்டு, மற்றவருடைய முறையில் வணங்கவேண்டும். எங்கள் மிஷனில் வேதம் போதிக்கிற உபதேசியார், சைவக் கோயில் பாட்டுப் பாடுவார். சைவரான பிறக்கிராசியார் கிறிஸ்தவ ஜெபம் சொல்வார். மூன்றாமவர் காத்தான்குடித் துணிக்கடை முதலாளி. மற்றவர் வழிபாட்டைச் செய்ய அவருக்கு மார்க்கம் இடம் கொடாது. அதை வெளியே சொன்னால் சபை மனம் நோகும். ஆகவே அவருடைய முறை வருகிற ஞாயிறுகளில் அவருக்குத் தடிமன் பிடித்துவிடும். தொண்டையைத் தொட்டுக் காட்டி இருந்துவிடுவார். நாங்களும் மல்லித் தண்ணி குடியுங்கள் என்று அக்கறையாகச் சொல்வோம்.

வணக்கம் முடிந்தபின் சமபந்தி. தொடக்கத்தில் தேத்தண்ணீர் கொடுப்பது என்றுதான் தீர்மானம். யார் வீட்டுக் கேத்தல், யார் கை ஊற்றுவது என்று பேச்சு வந்தது. பிறக்கிராசியார் சுகாதாரத்தை முன்னிட்டுத் தம்முடைய கோப்பையைத் தாமே கொண்டுவந்தார். அடுத்த வாரம் எல்லாருக்கும் சுகாதாரத்தில் அக்கறை வந்துவிட்டது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் செவ்விளநீர் என்றான். அதை யாரும் சமைக்கவில்லை, யாரும் ஊற்றவில்லை, வெட்டினால் வாய்க்கு வைக்கவேண்டியதுதான். அன்று முதல் ஆளுக்கொரு இளநீரோடு ஒரே வரிசையில் இருந்து குடித்தோம். அதற்குச் சமத்துவம் என்று பெயர்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். எங்கள் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக இருக்கவேண்டும். வாக்கெடுப்பு பிரிவினை உண்டாக்கும் என்பது தலைவரின் கொள்கை. உடன்பாடில்லாதவர்கள் பேசாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைவர் ஒருநாளும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அந்தக் கிட்டங்கியில் எந்த ஓடு வெடித்திருக்கிறது, எந்த மூலையில் வௌவால் தொங்குகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

அபிசீனியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் அதை ஏகமனதாகக் கண்டித்து ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்துக்குத் தபால் போட்டோம். சண்டை நிற்கவில்லை. பதிலும் வரவில்லை. பிறக்கிராசியார் சில வாரம் தபால்காரனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் ஒரு சண்டை கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆசை மட்டும் எல்லாருக்கும் இருந்தது.

மாசி மாதத்தில் அது கிடைத்தது. துணிக்கடை முதலாளி கடையில் கேட்ட கதையைக் கொண்டுவந்தார்.

"நம்மட ஊர் எருமைக்காரர் ஒருத்தர்ர எருமை படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு போடியார்ர வயலுக்குள்ள இறங்கிட்டாம். விளைஞ்ச பயிராம். பெரிய வில்லங்கமாம்."

படுவான்கரை என்பது வாவிக்கு மேற்கே, வயற்காடு உள்ள கரை. போடியார் என்றால் பெரிய வயற்காரர். இந்தப் போடியார் சைவர், எருமைக்காரர் சோனகர். அவ்வளவும் கேட்டதும் கிட்டங்கிக்கு உயிர் வந்தது. பிறக்கிராசியார் எழுந்து நின்றுவிட்டார்.

"இண்டைக்கு இது எருமைச் சண்டை. நாளைக்குச் சமயச் சண்டை. நாம உடனே போகவேணும்" என்றார்.

"அவங்க ரெண்டு பேரிட்டயும் ஆராவது கேட்டதா?" என்றேன் நான்.

"வருத்தக்காரனிட்டக் கேட்டா பிள்ளை மருந்து குடுக்கிறது?"

உபதேசியார் முகட்டைப் பார்த்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உண்மையில் நடந்தது என்ன என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். எருமை பயிரை மேய்ந்தது சரி. செய்தி கேட்டதும் எருமைக்காரர் தாமாகவே போய், அழிந்த இடத்தைப் பார்த்திருக்கிறார். இவருடைய தகப்பன் காலத்திலிருந்து அந்தப் போடியார் வீட்டோடு பழக்கம். இரண்டு பேரும் வரம்பில் குந்தியிருந்து பேசி முடித்தார்கள்: இந்த வருசம் போடியாரின் சூட்டை இவருடைய எருமைகள் மிதித்துக் கொடுக்கும், அதற்குக் கூலிநெல் எடுப்பதில்லை. பேசி, வெற்றிலை போட்டு, வேறு கதைக்குப் போய்விட்டார்கள். அறுத்த கதிரைக் குவித்த போரைத்தான் எங்கள் பக்கம் சூடு என்போம். மாசியிலும் பங்குனியிலும் படுவான்கரையில் களம் களமாகப் போய்ச் சூடு மிதிப்பதுதான் எருமைக்காரரின் பிழைப்பு. அந்த இரண்டு மாதத்தில் கிடைக்கிற கூலிநெல்லில்தான் அவருடைய வீட்டில் வருசம் முழுவதும் உலை வைத்தார்கள். களத்துக்கு அழைப்பு வராவிட்டால் எருமை புல் தின்னும், வீட்டில் தின்ன ஒன்றும் இராது.

இது ஒன்றும் தெரியாமல் மண்முனைத் துறையில் தோணி ஏறினோம். பிறக்கிராசியார் கோட்டும் சப்பாத்தும் போட்டு, கறுத்தக் குடையோடு வந்தார். முதலாளி, உபதேசியார், நான், என் மடியில் ஆர்மோனியம்.

"இது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டேன்.

"பாட்டோட தொடங்கினாத்தான் சமாதானம் மனசில இறங்கும்" என்றார்.

அக்கரையில் மாட்டு வண்டி பிடித்துக் களவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். களவெட்டி என்பது சூடு மிதிக்கிற களம். அங்கே உள்ளவர்களுக்கு அது கோயில் மாதிரி. செருப்போடு உள்ளே போகக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். இல்லை, போதும், முடிந்தது, குறைவு என்ற சொற்கள் களத்துக்குள் வாயில் வரக்கூடாது. வந்தால் விளைச்சல் அப்படியே ஆகிவிடும் என்பது நம்பிக்கை. பட்டணத்தில் வளர்ந்த எனக்கோ பிறக்கிராசியாருக்கோ இது தெரியாது. உபதேசியாருக்குத் தெரியும். அவர் உன்னிச்சையில் வயற்காரன் மகனாகப் பிறந்து, களத்து வைக்கோலில் புரண்டு வளர்ந்தவர். ஆனால் ஏகமனதாகப் புறப்பட்ட காரியத்தில் குறுக்கே பேசுவது எப்படி? அங்கே முகடும் இல்லாததால் வானத்தைப் பார்த்தார்.

களத்தில் எருமைகளைப் பிணைத்து வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டினவர் தோளில் துண்டும் தலையில் தொப்பியுமாக ஒரு நடுத்தர வயதுக்காரர். போடியார் பக்கத்தில் நின்று அவரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறக்கிராசியார் தம்மை அறிமுகப்படுத்திவிட்டு, "உங்களோட பகையான அந்த முஸ்லிம் ஆள் எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

"பகையா?" என்றார் போடியார். "எருமைக்காரக் காக்காவச் சொல்லுறீங்களாக்கும். இந்தா, நம்மட சூட்டத்தானே மிதிக்கிறார்." காக்கா என்றால் சோனகர் வழக்கில் அண்ணன்.

நாங்கள் அந்த இடத்திலேயே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். பிறக்கிராசியார் எங்கள் பக்கம் திரும்பி, வெளியில் சமாதானமாகத் தெரிகிற பகைதான் மிக ஆபத்தானது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டுச் சப்பாத்துக் காலோடு களத்துக்குள் இறங்கினார். வெயிலுக்குக் குடையை விரித்தார். பிரசங்கம் தொடங்கியது.

நல்ல பிரசங்கம்தான். நம்மிடம் பகை இல்லை, பேதம் இல்லை, இல்லவே இல்லை என்றார். சண்டை பிடித்தது போதும் என்றார். இன்றோடு எல்லாம் முடிந்தது என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் களத்துக்காரர்களின் முகம் கறுத்தது. ஒருவர் கையைக் கூப்பிக்கொண்டு, "ஐயா, களத்துக்குள்ள அந்தச் சொல்லுச் சொல்லப்படாது" என்றார். பிறக்கிராசியார் அதை உருக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வண்டியில் இருந்தபடியே ஆர்மோனியத்தைத் திறந்து துருத்தியை அமுக்கினேன்.

எருமைகளுக்கு ஆர்மோனியம் பிடிக்காது என்பதை எந்தச் சமயத்து நூலும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. குடைக்கு ஏற்கெனவே மிரண்டு நின்ற எருமைப் பிணையல், கயிற்றை அறுத்துக்கொண்டது. ஒன்று பொலிக் குவியலுக்குள்ளால் போயிற்று. மற்றவை சூட்டைச் சரித்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தன. பிறக்கிராசியார் வண்டிக்கு ஓடிவந்த வேகத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. எருமைக்காரர் மட்டும் நாக்கைக் கொட்டிக் கொட்டி அவற்றை ஒவ்வொன்றாக அழைத்துப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இரு தரப்பையும் நேருக்கு நேர் சந்திக்க வைத்ததாகத் தலைவர் அறிவித்தார். பயணம் வெற்றி என்று ஏகமனதாக முடிவாயிற்று.

படுவான்கரையில் வேறு கணக்கு. அன்று போடியாருக்குப் பொலி குறைந்துவிட்டது. மேய்ந்தது பாதி, மண்ணில் சிந்தினது பாதி என்று போடியாருக்கே தெரியும். ஆனால் களத்துக்காரர்கள் பிறக்கிராசியாரின் வாயைத்தான் சொன்னார்கள். போதும் என்றார், அதோடு பொலி நின்றுபோயிற்று என்றார்கள். அந்த மனிதரை யார் அங்கே அழைத்துவந்தது? வந்தவர்களில் ஒருவர் காத்தான்குடி முதலாளி; எருமைக்காரரும் காத்தான்குடி. ஆகவே எருமைக்காரர்தான் கூலிநெல் போகிற ஆத்திரத்தில் பட்டணத்துக்குப் போய் முறையிட்டிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அடுத்த களத்துக்காரர் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கடுத்தவரும் அனுப்பவில்லை.

அவர் எங்கள் கிட்டங்கிக்கு வந்து வாசலில் நின்றார். யார் மேலும் கோபமாகத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த பிறக்கிராசியாரைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, நீங்க ஒருக்கா வந்து, நான் உங்களக் கூப்பிடல்ல எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். வேற ஒண்டும் வேணாம். களத்துக்காரர் எல்லாரும் என்ட எருமைய வேணாம் எண்டுட்டாங்க. பங்குனி போனா இந்த வருசம் போச்சு."

அவர் கேட்டது அவ்வளவுதான். இந்தக் கதையில் யாராவது கேட்ட ஒரே நியாயமான காரியமும் அதுதான்.

பிறக்கிராசியாரின் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சி என்றால் பாவம் வரும். ஆனால் அதற்கு நான் வேறு பெயர் அறியேன். ஜெனீவாவுக்கு எழுத வேண்டாம், கடலைத் தாண்ட வேண்டாம், அநியாயம் தானாகவே வாசலுக்கு வந்து நிற்கிறது. எருமைக்காரரைக் கையில் பிடித்து அழைத்து முன்வரிசையில் இருத்தினார். கையில் ஒரு இளநீரையும் கொடுத்தார். சமயத்தைக் காரணம் காட்டி ஒரு ஏழை முஸ்லிமைக் களத்திலிருந்து விலக்கிய படுவான்கரை வயற்காரரைச் சபை வன்மையாகக் கண்டிக்கிறது என்று தீர்மானம் எழுதப்பட்டது. எருமைக்காரர் இளநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். "அவங்க சமயம் ஒண்டும் கதைக்கல்ல ஐயா" என்று சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சபை அங்கத்தவர் இல்லை, ஆகவே ஏகமனது கெடவில்லை.

தீர்மானத்தின் பிரதி படுவான்கரைக்குப் போயிற்று. முதலாளி கடையில் துணி கிழித்துக்கொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்கினார்.

அந்த நாட்களில் போடியார் காணி வழக்கொன்றுக்குப் பட்டணம் வந்தார். பள்ளிக்கூட வாசலில் கண்டு, எருமைக்காரரைப் பற்றி நானே கேட்டேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"டீச்சர், எனக்குக் காக்காவோட ஒரு கோபமும் இல்ல. முந்தி எருமை வந்து பயிரத் திண்டது. அவ்வளவுதான். நீங்க எல்லாரும் வந்திட்டுப் போன மறுகா, சோனகன்ட எருமை தமிழன்ட பயிரத் திண்டது எண்டு கதைக்கிறாங்க. நான் அவரக் கூப்பிட்டா என்னையும் சேத்துக் கதைப்பாங்க."

"நான் வந்து சொல்லட்டா?"

"நீங்க வேதக்காரப் புள்ள. நீங்களும் அவருக்காக வந்து நிண்டா, அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க. அந்தப் பெரிய ஐயா வந்து, நாங்கதான் கேளாமப் பாராம வந்திட்டம் எண்டு சொல்லட்டும். அவர் வாயாலதான் கெட்டது, அவர் வாயாலதான் மாறும்."

அடுத்த ஞாயிறு ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். தலைவர் படுவான்கரைக்குப் போய், எருமைக்காரர் எங்களை அழைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொன்னா, நாம அழைக்காம போனதா ஆகுமே" என்றார் பிறக்கிராசியார்.

"அப்பிடித்தானே ஐயா போனம்?"

"சமாதானத்துக்குப் போனதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லுறியா பிள்ளை? நாளைக்கு ஆர் சமாதானத்துக்குப் போவான்?"

நான் உபதேசியாரைப் பார்த்தேன். களத்து விதி தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். அவர் முகட்டில் வௌவாலைத் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அன்று அவருடைய முறையும் இல்லை. என் யோசனைக்கு ஏகமனது கிடைக்கவில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் கண்டனத் தீர்மானத்துக்கும் நான் உடன்படவில்லை, அதுவும் செல்லாது என்றேன். கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். ஆர்மோனியம் வாசிக்கிறவர் இசைப் பகுதியைச் சேர்ந்தவர், நிர்வாகத்தில் சேர்த்தி இல்லை என்று முடிவாயிற்று. அதுவும் ஏகமனதாக.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி வாவிக்குள் போட்டிருப்பேன். அது என்னுடைய பெட்டி இல்லை, மிஷனுடையது.

பங்குனி போயிற்று. எருமைக்காரர் எருமைகளை ஒவ்வொன்றாக விற்றார். கடைசியாகப் போனது ஒரு கிழட்டுக் கடா. அதை வாங்கினவன் மேய்க்க வாங்கவில்லை. சபை அவருடைய நிலைமைக்கு மனமிரங்கியது. கிட்டங்கியைத் திறந்து, கூட்டி, ஞாயிறுகளில் இளநீர் வெட்டிக் கொடுக்கிற வேலையை அவருக்குக் கொடுத்தது. சைவ அங்கத்தவர்களும் சோனகர் கையால் வெட்டின இளநீரைக் குடிக்கிறார்கள் என்று தலைவர் போகிற இடமெல்லாம் சொன்னார். அது பெரிய முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. அவர் வெட்டுகிற அழகும் தனி. ஒரு துளி சிந்தாது. யாரோடும் அதிகம் பேசமாட்டார். அடுத்த மாசியில் ஒருநாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நின்றார். "இப்ப அங்க சூடு மிதிப்பாங்க, டீச்சர்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த மாதமே சபையின் ஆண்டுக் கூட்டம். வாசலில் வாழை கட்டி, வெளியூரிலிருந்தும் ஆட்களை அழைத்திருந்தார்கள். பிறக்கிராசியார் ஆண்டறிக்கையில் படுவான்கரைப் பயணத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"நாம் போய் வந்ததன் பலனாக, இந்த ஆண்டு அந்தக் களவெட்டிகளில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் ஒரு சிறு மனக்கசப்புக்கூட உண்டாகவில்லை என்பதைச் சபைக்கு அறியத் தருகிறேன்."

அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அந்த ஆண்டு அந்தக் களவெட்டிகளுக்கு ஒரு முஸ்லிமும் போகவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு சமாதானத்துக்காக எழுந்து நின்று பாடும் கட்டம் வந்தது. பின்னால் இளநீர்க் குவியலடியில் இருந்த எருமைக்காரரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களோடு எழுந்து நின்றார். தலைவர் சுருதிக்காக என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். நான் துருத்தியில் கை வைக்கவில்லை. இன்னொரு தரம் அசைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சபை முழுவதும் வாயைத் திறந்தபடி காத்து நின்றது.

நான் கவனிக்கவில்லை என்று எருமைக்காரர் நினைத்திருக்கவேண்டும். பின்னாலிருந்து மெல்ல வந்து, என் பக்கத்தில் குனிந்து, ஒருவருக்கும் கேளாமல் சொன்னார்:

"டீச்சர், ஐயா உங்களத்தான் பாக்கிறார். வாசிங்க, பாவம், எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் சொன்னதற்காக வாசித்தேன்.